மலையின் உலைகளும் பிளாட்டினமும்: நீலகிரியில் உலோகம் செப்பனிட்டோர் வரலாறு

நீலகிரி மலையில் உலோகத்தைப் பழுது பார்ப்பது யாருடைய வேலை என்பதைக் கடந்த இரண்டு நூற்றாண்டுகளில் குடிவழக்கமும் சந்தையும் தீர்மானித்த அளவுக்கு அடுப்பின் வெப்பமும் தீர்மானித்து வந்திருக்கிறது. மழுங்கிய கோடரியை உலையிலிட்டு வாய் அடித்துத் தந்தவர் கோத்தர். தோட்டின் திருகாணியைப் பற்றவைத்துத் தந்தவர் கடைவீதிப் பத்தர். பிளாட்டினம் மோதிரத்தில் வைரத்தைக் கவ்வி நிற்கும் கொக்கிகளுள் ஒன்று முறிந்துபோனால் அதைப் புதிதாக வைத்துத் தருபவர் இன்று பெரும்பாலும் மலைக்குக் கீழே, கோயம்புத்தூரின் நகைப் பட்டறை ஒன்றில் இருக்கிறார். இந்த மூன்று கைகளுக்கும் இடையே வேலை மாறிச் சென்ற வரலாறு, தேயிலைக்கும் மலை ரயிலுக்கும் கோடைக்கால அரசாங்கத்துக்கும் கிடைத்த கவனத்தில் சிறு பங்கைக்கூடப் பெறவில்லை. செய்தவரின் பெயர் பொருளோடு சில வேளை தங்குகிறது. செப்பனிட்டவரின் பெயர் எங்கும் பொறிக்கப்படுவதில்லை என்பதும் அதற்கொரு காரணம்.

மலையின் உலோகத்தொழில் மிகப் பழமையானது என்பதற்குக் கல்வட்டப் புதைகுழிகளே முதற்சான்று. நீலகிரியின் முதல் கமிஷனராக இருந்த ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் இத்தகைய குழிகள் பலவற்றைத் தோண்டி, அவற்றில் கிடைத்த மட்கலங்கள், வெண்கலக் கிண்ணங்கள், இரும்புக் கருவிகள், பொன் அணிகள் ஆகியவற்றைத் தொகுத்தார். 1872இல் அவர் இறந்தபின், மலையின் பழங்குடிகளையும் தொல்சின்னங்களையும் பற்றிய அவருடைய நூல் 1873இல் வெளிவந்தது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ள அந்தக் கிண்ணங்களை உலோகவியல் முறையில் ஆராய்ந்த சாரதா சீனிவாசன், அவற்றுட் சில 20 விழுக்காட்டுக்கும் மேல் வெள்ளீயம் கலந்த உயர்வெள்ளீய வெண்கலத்தால் ஆனவை என்று காட்டினார். இவ்வகை வெண்கலம் குளிர்ந்த நிலையில் அடித்தால் நொறுங்கும். மிகையாகச் சூடேற்றி அடித்தாலும் பிளக்கும். குறிப்பிட்ட வெப்பத்தில் சிவந்திருக்கும்போதே அடித்து மெலிதாக்கி, உடனே நீரில் அமிழ்த்தினால்தான் கிண்ணம் கிண்ணமாக நிற்கும். அக்கிண்ணங்கள் மலையிலேயே செய்யப்பட்டவையா, சமவெளியிலிருந்து ஏறி வந்தவையா என்பதில் அறிஞர்களிடையே கருத்தொற்றுமை இல்லை. எவ்வாறாயினும், அவற்றைச் செய்த கைகள் நெருப்பின் நிறத்தைக் கண்ணால் பார்த்தே வெப்பத்தை அளக்கக் கற்றிருந்தன. வெப்பமானி இல்லாத காலத்தில் அதுவே தொழிலின் பெரும்பகுதி.

எழுத்துச் சான்றுகள் தெளிவாகக் காட்டும் முதல் மலைக்கொல்லர்கள் கோத்தர்களே. உதகையை அடுத்த கொல்லிமலை, திருச்சிகடி, சோலூர்க் கோக்கால், குந்தா கோத்தகிரி, புது கோத்தகிரி, கீழ்கோத்தகிரி, கூடலூர்க் கோக்கால் ஆகிய ஏழு ஊர்களில் வாழ்ந்துவரும் இச்சிறு சமூகத்தைக் கொல்லர், பொன் வெள்ளி வேலை செய்வோர், தச்சர், தோல் பதனிடுவோர், கயிறு திரிப்போர், இசைஞர் எனப் பல தொழில்களும் ஒருங்கே அறிந்தவராகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆவணங்கள் குறிக்கின்றன. மட்பாண்டம் வனைவது அவர்களிடையே பெண்களின் தொழிலாக இருந்தது. சமவெளியில் கொல்லர், தச்சர், கன்னார், கல்தச்சர், தட்டார் என்று ஐந்தாகப் பிரிந்து கம்மாளர் என்ற பொதுப்பெயரில் நின்ற தொழில்கள், மலையில் ஒரே குடியின் கையில், பல வேளைகளில் ஒரே மனிதரின் கையில் கூடியிருந்தன. பிரீக்ஸ் பதிவு செய்த தொன்மக் கதையொன்றில், காமடராயர் என்னும் தெய்வம் தன் நெற்றியில் அரும்பிய மூன்று வியர்வைத் துளிகளிலிருந்து தோடர், குறும்பர், கோத்தர் என்னும் மூன்று குடிகளையும் படைக்கிறது. அந்தத் தெய்வத்துக்குக் கோத்தர் கோயில்களில் சிலை வைக்கப்படவில்லை. மெல்லிய வெள்ளித் தகடே தெய்வத்தின் அடையாளமாக இருந்தது. ஆண்டுத் திருவிழாவில் உலை மூட்டி இரும்பை அடிப்பதும் வழிபாட்டின் ஒரு பகுதியாக இருந்ததை எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுதிகளில் காணலாம். தகட்டை அடித்த கையும் அதை வணங்கிய கையும் ஒன்றாக இருந்த சமூகத்தில் உலைக்கூடத்துக்கும் கோயிலுக்கும் இடையே நெடுந்தொலைவு இருந்திருக்க முடியாது.

இங்கு நாணயத்துக்கு முன்பிருந்த பரிமாற்ற முறையை விளக்குவது தேவை. 1937-38ஆம் ஆண்டுகளில் கொல்லிமலையில் களப்பணி செய்த அமெரிக்க மானிடவியலர் டேவிட் மண்டெல்பாம், ஒவ்வொரு கோத்தர் குடும்பத்துக்கும் குறிப்பிட்ட படகர் குடும்பங்களோடும் தோடர் குடும்பங்களோடும் வழிவழியாகத் தொடர்பு இருந்ததை விரிவாக எழுதினார். கோத்தர் அவர்களுக்குக் கத்தி, கோடரி, மண்வெட்டி, பானை ஆகியவற்றைச் செய்து தந்து, அவை பழுதுபட்டால் சீராக்கியும் கொடுத்து, இழவு வீட்டில் இசைக்கவும் கடமைப்பட்டவர். படகர் அறுவடையில் தானியமும், தோடர் நெய்யும் எருமையும் தரக் கடமைப்பட்டவர். ஒரு படகர் தம் கோத்தரை விலக்கிவிட்டு வேறொருவரிடம் போக முயன்றால் மற்றக் கோத்தர்கள் அவருக்கு வேலை செய்ய மறுப்பர். செப்பனிடுதலின் வரலாற்றில் இந்த விதி மிக முதன்மையானது. ஒவ்வொரு பழுதுக்கும் தனித்தனியே கூலி பேசப்படவில்லை என்பதால், விரைவில் உடையும் கோடரியைச் செய்வதால் கொல்லருக்கு எந்த ஆதாயமும் இல்லை. உடைந்தால் அதைச் சீராக்கும் பொறுப்பும் அவர் தலையிலேயே விழும். பொருள் எத்தனை காலம் நிலைக்கிறது என்பதில் செய்தவருக்கும் வைத்திருந்தவருக்கும் ஒரே அக்கறை இருந்த ஏற்பாடு அது. பின்னர் வந்த எந்தச் சந்தை ஏற்பாடும் அந்த அக்கறையை அதே வலுவுடன் தரவில்லை என்றே தோன்றுகிறது.

கோத்தர் உலை எழுப்பிய வெப்பம் அவர்களுடைய வேலைக்குப் போதுமானது. இரும்பு உருகுவதற்கு 1538 பாகை செல்சியஸ் வேண்டும் என்றாலும், அதை அடித்து உருவாக்க உருக்க வேண்டியதில்லை. கரியடுப்பில் துருத்தி ஊதி ஆரஞ்சு நிறம் வரும்வரை காய்ச்சினால் போதும். வெள்ளி 962 பாகையிலும் பொன் 1064 பாகையிலும் உருகிவிடுவதால், இரும்பு வேலைக்கென மூட்டிய அதே கரித்தீயில் அவையும் அடங்கின. கொல்லரே வெள்ளி வேலையும் பார்க்க முடிந்ததற்கு அவர்களின் கைத்திறனோடு இந்த இயற்கை விதியும் துணை நின்றது.

அந்த உலகம் கலைந்தது மெதுவாகத்தான். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் மலையேறி, 1820களின் தொடக்கத்தில் உதகையில் கல் வீடு கட்டியபின், ஐரோப்பியர் குடியேற்றத்தோடு சமவெளி வணிகரும் கைவினைஞரும் வந்தனர். செவ்வாய்க்கிழமைச் சந்தையில் ஆலைகளில் செய்த மலிவான இரும்புச் சாமான்களும் பித்தளைக் குடங்களும் குவிந்தன. கோடரியைக் காசு கொடுத்து வாங்க முடிந்தபோது தானியக் கடமை படகருக்குச் சுமையாகத் தெரிந்தது. 1930களில் படகர் ஊர்கள் பல, இழவு வீட்டுக்குக் கோத்தர் இசையை அழைப்பதையும் நிறுத்திக்கொண்டன. இசை உறவும் இரும்பு உறவும் ஒரே கயிற்றின் இழைகளாக இருந்ததால் ஒன்று அறுந்தபோது மற்றதும் தளர்ந்தது. இன்று கோத்தர் சமூகத்தினர் அரசுப் பணியிலும் தேயிலை, காய்கறி வேளாண்மையிலும் இருக்கின்றனர். உலை வேலை ஒரு சிலரின் கையிலும் விழாச் சடங்கிலுமாகத் தங்கியிருக்கிறது.

பொன்னின் பெயரால் மலையின் மேற்குச் சரிவு ஒருமுறை உலகச் செய்தியானதையும் இங்கே சொல்லிக் கடக்கலாம். கூடலூர், தேவாலா, பந்தலூர்ப் பகுதியில் குறும்பரும் பணியரும் ஓடை மணலை அலசிப் பொன் எடுத்துவந்த பழக்கத்தைக் கண்ட தோட்ட முதலாளிகள் பாறையிலும் பொன் இருக்கும் என்று நம்பினர். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலிருந்து வந்த சுரங்க வல்லுநர் பிரௌ ஸ்மித்தின் அறிக்கை 1880இல் வெளியானதும் இங்கிலாந்தில் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் முளைத்தன. சில ஆண்டுகளுக்குள் அவற்றில் அநேகமாக எல்லாமே மூழ்கின. பாறையிலிருந்த பொன் செலவைக்கூட ஈடுகட்டவில்லை. அந்த ஆரவாரம் மலையின் நகைத்தொழிலுக்கு எந்த வேரையும் விட்டுச் செல்லவில்லை. உதகைப் பத்தரின் மேசைக்கு வந்த பொன் அப்போதும் சமவெளியிலிருந்தே வந்தது.

பத்தர் அல்லது ஆசாரி என்று மதிப்போடு அழைக்கப்படும் பொற்கொல்லர்கள் உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர்க் கடைவீதிகளில் அமர்ந்தது மலைக்குப் புதிய முறை. இவர்கள் எந்தக் குடும்பத்துக்கும் வழிவழிக் கடமை உடையவர் அல்லர். வேலைக்குக் கூலி, எடைக்குச் சேதாரம் என்ற கணக்கில் இயங்கியவர்கள். சேதாரம் என்பது அராவும்போதும் உருக்கும்போதும் குறையும் பொன்னுக்காகக் கழிக்கும் அளவு. பத்தரின் மேசையில் இருந்தவை எளியவை: உமி நிரப்பிய ஓட்டில் கரி, மூச்சால் தீயைக் குவிக்கும் ஊதுகுழல், சிறு பொருள்களைப் பிடிக்கும் சாமணம், கம்பி இழுக்கும் கம்பியச்சு, பொன்னின் மாற்றைப் பார்க்கும் உரைகல், உருக்கும் மூசை. இவற்றோடு இரண்டு பொருள்கள் இன்றி எந்த ஒட்டு வேலையும் நடவாது. ஒன்று பொடி, அதாவது நகையின் பொன்னைவிடக் குறைந்த வெப்பத்தில் உருகுமாறு செம்பும் பிறவும் கலந்து அராவி எடுத்த பற்றுப்பொன். மற்றொன்று வெண்காரம், அதாவது சூட்டில் உலோகத்தின் மேற்பரப்பு கறுத்துப்போகாமல் காத்து, உருகிய பொடியை இடுக்குக்குள் ஓடச் செய்யும் உப்பு. பிற்காலத்தில் பொடியில் செம்புக்குப் பதிலாகக் காட்மியம் கலக்கும் கே.டி.எம். முறை பரவியது, மாற்றுக் குறையாமல் ஒட்ட முடிந்தாலும் அதன் புகை நுரையீரலை அழித்ததால் அது கைவிடப்பட்டது. எத்தனையோ பத்தர்களின் மார்பு நோய்க்கு அந்தப் புகை காரணமாக இருந்ததைத் தொழிலின் வரலாறு மறக்கக் கூடாது.

மலையில் அவர்களிடம் வந்த வேலைகள் பெரும்பாலும் சிறியவை. கோவை, சேலம், மைசூர்ப் பகுதிகளிலிருந்தும், 1964ஆம் ஆண்டின் சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்தும் வந்து தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த குடும்பங்கள் அறுந்த சங்கிலி, மறை தேய்ந்த திருகாணி, தாலிக்கொடியின் தளர்ந்த வளையம், வளைந்த மூக்குத்தித் தண்டு ஆகியவற்றையே கொண்டு வந்தன. கல் வைத்த நகை என்றால் அது மூடிய பதிப்பாகவே இருந்தது. இம்முறையில் கல்லின் வடிவத்துக்குப் பொன்னில் கிண்ணம் போன்ற குழி செய்து, கீழே பளபளக்கும் தகடும் அரக்கும் வைத்து, கல்லை இருத்தி, சுற்றிலும் விளிம்பை அழுத்தி மடக்குவார்கள். விளிம்பு முழுவதுமே கல்லைப் பிடிப்பதால் ஓரிடத்தில் தேய்ந்தாலும் கல் விழாது. ஆனால் பின்புறம் அடைபட்டிருப்பதால் எண்ணெயும் சோப்பும் உள்ளே இறங்கினால் கல் மங்கிவிடும். ஏழு கல் வைரத்தோட்டைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த தமிழ்க் குடும்பங்கள் அதை அவ்வப்போது பத்தரிடம் கொடுத்துக் கழற்றி, கழுவி, மீண்டும் கட்டச் சொன்னதன் காரணம் இதுவே.

கல்லைத் திறந்தவெளியில் நிறுத்தும் முறை அயலிலிருந்து வந்தது. 1867க்குப் பின் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களிலிருந்து வைரம் பெருமளவில் வெளிவரத் தொடங்கியது. அவற்றுள் யாகர்ஸ்ஃபொன்டைன் சுரங்கத்தின் நீலச்சாயல் கற்களைத் தமிழர்கள் ப்ளூ ஜாகர் என்ற பெயரில் இன்றுவரை விரும்பித் தேடுகின்றனர். கல்லை வெட்டும் கணக்கும் மாறியது. மேலே நுழையும் ஒளி அடிச்சரிவுகளில் பட்டு மேலேயே திரும்புமாறு பட்டை தீட்டிய வைரத்துக்கு அடியில் தகடு தேவையில்லை. எவ்வளவு குறைவான உலோகம் அதைத் தொடுகிறதோ அவ்வளவுக்கு நல்லது. நியூயார்க்கின் டிஃபனி நிறுவனம் 1886இல் அறிமுகப்படுத்திய ஆறு கொக்கி மோதிரம் இந்தக் கருத்தின் முழுமை: வளையத்துக்கு மேலே கல்லை உயர்த்தி, ஆறு மெல்லிய கால்களின் நுனி மட்டும் அதன் மேல்விளிம்பைக் கவ்வும். அழகும் ஆபத்தும் ஒரே வடிவத்தில் பிறந்தன. நான்கு கொக்கி மோதிரத்தில் ஒன்று போனாலே கல்லின் ஒருபுறம் காவலற்றுப் போகிறது.

இந்த மெல்லிய கால்களுக்கு மிகப் பொருத்தமான உலோகமாகப் பிளாட்டினம் தேர்ந்தெடுக்கப்பட்டது. தென் அமெரிக்க ஆற்று மணலில் கிடைத்த இந்த வெண்ணிற உலோகத்தைப் பற்றி ஸ்பானியரான அந்தோனியோ தெ உல்லோவா 1748இல் எழுதினார். ஆனால் 1768 பாகையில் உருகும் அதைப் பெருமளவில் வார்க்க, ஆக்சிஜன் ஊட்டிய தீயைக் கையாளும் உலை பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் உருவானது. அதன்பின், இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டுகளில், பாரிஸ் கார்ட்டியே போன்ற நிறுவனங்களின் வைர நகைகளில் அது முதலிடம் பெற்றது. பட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங்குக்காக 1928இல் கார்ட்டியே செய்து முடித்த வைர ஆரம் பிளாட்டினத்தில் கட்டப்பட்டதே. மைசூர் அரசருக்கு ஃபெர்ன்ஹில் மாளிகையும் ஜோத்பூர் அரசருக்கு ஆரன்மோர் மாளிகையும் உதகையில் இருந்த காலம் அது; சென்னை மாகாண அரசாங்கமே ஆண்டின் ஒரு பகுதியை அங்கே கழித்தது. மலை ரயில் 1899இல் குன்னூருக்கும் 1908இல் உதகைக்கும் வந்தது. அந்த மேட்டுக்குடியின் நகைகள் உதகைக் கடைவீதிப் பத்தரின் அடுப்புக்கு வந்திருக்கக் காரணம் இல்லை. சென்னையில் 1849இல் பீட்டர் ஓர் தொடங்கிய பி. ஓர் அண்டு சன்ஸ் போன்ற பெரிய நிறுவனங்களும் லண்டன் கடைகளுமே அவர்களுக்கு இருந்தன. மலையில் அணியப்பட்டது மலையிலேயே செப்பனிடப்படும் என்ற பழைய நிலை முதன்முதலில் முறிந்தது இத்தகைய நகைகளில்தான் எனலாம்.

பத்தர்களுக்குப் பேரிடியாக வந்தது வேறொன்று. சீனப் போரை ஒட்டி, அந்நியச் செலாவணி நெருக்கடியின் பின்னணியில், நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் கொண்டுவந்த தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் 1963 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தன. 14 காரட்டுக்கு மேற்பட்ட மாற்றில் புது நகை செய்யக் கூடாது என்றன. 22 காரட்டையே பொன் என்று கருதிய நாட்டில் அது வேலை நிறுத்தத்துக்குச் சமம். நாடெங்கும் பல்லாயிரம் பொற்கொல்லர் குடும்பங்கள் பிழைப்பிழந்தன. சிலர் உயிரையே மாய்த்துக்கொண்டனர். பின்னர் வந்த தளர்வுகளில் ஒன்று, வாடிக்கையாளரின் பழைய நகையை அதே மாற்றில் திருத்திச் செய்யத் தனித்தொழில் பத்தர்களுக்கு இடம் தந்தது; 1966இல் 14 காரட் வரம்பே நீக்கப்பட்டது. ஆயினும் 1968ஆம் ஆண்டின் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990 வரை நீடித்தது. புதியது செய்யத் தடை இருந்த நாட்களில் பழையதைத் திருத்தும் வேலையே பத்தர்களின் அடுப்பை அணையாமல் வைத்திருந்தது என்பது, செப்பனிடுதலைத் தாழ்வான வேலையாக எண்ணுவோர் கவனிக்க வேண்டிய செய்தி.

பிளாட்டினம் பொதுமக்களின் மோதிரமாக இந்தியாவுக்கு வந்தது 2000ஆம் ஆண்டுக்குப் பின்னரே. உலகப் பிளாட்டினச் சங்கத்தின் விளம்பரங்களும் இணைமோதிர வழக்கமும் சேர்ந்து, 1000 பங்கில் 950 பங்கு தூய உலோகம் என்பதைக் குறிக்கும் 950 முத்திரையைத் தமிழ்நாட்டு நகைக்கடைகளில் பழக்கமாக்கின. அத்தகைய மோதிரம் நீலகிரியில் படும் பாடு சமவெளியில் படுவதற்குச் சற்று வேறானது. குளிரில் விரல் சுருங்குவதால் மோதிரம் தளர்ந்து சுழலும். கல் பக்கவாட்டில் திரும்பிக் கதவிலும் மேசையிலும் இடிபடும். ஆண்டின் பெரும்பகுதியும் உடுத்தும் கம்பளிச் சட்டையின் இழைகள் கொக்கியின் நுனியில் சிக்கி, ஒவ்வொரு முறையும் அதைச் சிறிது சிறிதாக மேலே தூக்கும். கையைக் காதருகே வைத்து மோதிரத்தைத் தட்டினால் கல் அசையும் மெல்லிய ஒலி கேட்பது முதல் எச்சரிக்கை.

பழுது மூன்று வகைப்படும். கொக்கி வளைந்திருக்கலாம், நுனி தேய்ந்திருக்கலாம், அடியோடு முறிந்திருக்கலாம். பொன் கொக்கி உராய்வில் துகளாகக் கரைந்து மெலியும் இயல்புடையது. பிளாட்டினத்தில் உராயும் இடத்து உலோகம் பெரும்பாலும் உதிராமல் பக்கத்துக்கு ஒதுங்குகிறது. ஆகையால் அது மெதுவாகத் தேயும், முறிவதைவிட வளைவதே மிகுதி. தேய்ந்த நுனிக்கு அதே உலோகத்தின் சிறு மணியை உருக்கி ஏற்றுவார்கள். முறிந்த கொக்கியாயின் அதன் அடியை அராவி, புதிய கம்பித் துண்டைப் பொருத்தி இணைத்து, கல்லின் விளிம்பு அமரும் பள்ளத்தை வெட்டி, நுனியை மடக்கி உருட்டி மெருகிடுவார்கள். விவரிக்க எளிதான இந்த வரிசையில், இணைப்பது என்ற ஒரே படியில்தான் பத்தரின் கலை முழுவதும் தடுக்கி நிற்கிறது.

கரியும் ஊதுகுழலும் பிளாட்டினத்துக்குத் தேவையான வெப்பத்தின் அருகில்கூட வர முடியாது. வெப்பத்தை எரிவாயுவும் ஆக்சிஜனும் கலந்த தீயால் எட்டினாலும் மற்றத் தடைகள் இருக்கின்றன. சூடான பிளாட்டினம் கரியையும் சிலிக்காவையும் ஈயத்தையும் உள்ளிழுத்து நொறுங்கும் தன்மை பெறுகிறது. எனவே பத்தர் வாழ்நாள் முழுவதும் நகையை வைத்து ஊதிய கரிக்கட்டியே அதற்குப் பகையாகிறது. காற்றில் சூடேற்றினாலும் கறுக்காத உலோகம் ஆதலால் வெண்காரத்துக்கும் அங்கே வேலையில்லை. பொன் அராவிய அரத்தில் ஒட்டிய துகள் பிளாட்டினத்தின் மேல் உருகிப் படிந்தால் கறை விழும் என்பதால் அரமும் சாமணமும் தனியே வைத்திருக்க வேண்டும். வெண்ணொளியில் கண் கூசும். கறுப்புக் கண்ணாடி இன்றிப் பார்க்க இயலாது. கடைசியாகக் கல்லின் உயிர்: வைரம் தூய கரிமமே ஆதலால் காற்றில் 700 முதல் 850 பாகை அளவில் அதன் மேற்பரப்பு எரியத் தொடங்கிப் பாலாடை படிந்ததுபோல் மங்கும். பொன் வேலையில் போரிக் அமிலப் பூச்சு பூசிக் கல்லோடு சேர்த்துச் சூடேற்றும் பழக்கம் உண்டு. பிளாட்டினத்தின் பற்றுக்கலவைகள் ஓடும் வெப்பத்தில் அந்தப் பூச்சை நம்ப முடியாது. ஆகவே கல்லைக் கழற்றிவிட்டே தீ வைக்க வேண்டும். இத்தனையையும் தவிர்க்க விரும்பிச் சிலர் வெள்ளைப் பொன்னின் பொடியால் பிளாட்டினக் கொக்கியை ஒட்டிவிடுவதுண்டு. சில மாதங்களில் இணைப்பில் வேற்றுநிறக் கோடு தெரியும், பிடிப்பும் பிளாட்டினத்தின் உறுதியைத் தராது. அவ்வாறு செய்வதைச் செப்பனிடுதல் என்று சொல்வது சரியாகாது.

தீயே இல்லாத தீர்வாக வந்தது லேசர் பற்றுவைப்பு. மிகக் குறுகிய ஒளித்துடிப்பு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த அகலத்தில் மட்டும் உலோகத்தை உருக்குகிறது. அருகிலிருக்கும் வைரம் கையால் தொடக்கூடிய சூட்டிலேயே இருக்கும். நுண்ணோக்கி வழியாகப் பார்த்தபடி, தலைமயிர் போன்ற பிளாட்டினக் கம்பியைத் தொட்டுத் தொட்டு நுனியை வளர்க்கலாம். இந்தக் கருவியின் விலையை நாள்தோறும் வேலை இருக்கும் பட்டறைதான் தாங்கும். கோயம்புத்தூர், ராஜ வீதியைச் சுற்றிப் பல்லாயிரம் பொற்கொல்லரும் கல் பதிப்போரும் கூடிய நகைத்தொழில் நகரம். அங்கே அது தாங்கும். உதகையிலிருந்து சுமார் 85 கிலோமீட்டர் கீழே மோதிரம் இறங்கிச் செல்வதன் பொருளாதாரக் காரணம் இதுவே.

வழிவழி உறவு இல்லாத இடத்தில் நம்பிக்கைக்கு வேறு ஏற்பாடு வேண்டியிருக்கிறது. மோதிரத்தை அனுப்பும் கடை அதன் எடையையும் கல்லின் அளவையும் சீட்டில் எழுதித் தருகிறது. சான்றிதழ் உள்ள வைரமாயின் அதன் இடைவிளிம்பில் லேசரால் பொறித்த எண்ணைப் பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியில் வாடிக்கையாளருக்குக் காட்டி, திரும்பி வந்ததும் மீண்டும் காட்டுகிறது. கேட்டுப் பெற வேண்டிய உரிமை அது. கேட்பதில் கூச்சம் தேவையில்லை.

எல்லா வேலையும் இறங்கிச் செல்ல வேண்டியதும் இல்லை. பிளாட்டினத்துக்கு வில்போல் துள்ளித் திரும்பும் குணம் மிகக் குறைவு. தள்ளிய இடத்திலேயே நிற்கும். கொக்கி முறியாமல், தேயாமல், தூக்கி மட்டும் இருந்தால் அதைக் குளிர்ந்த நிலையிலேயே கல்லின் மேல் அழுத்தி அமர்த்திவிடலாம். அதற்குக் கரியும் வேண்டாம், ஆக்சிஜனும் வேண்டாம். மோதிரத்தை மரப்பிடியில் இறுக்கி, எதிரெதிர்க் கொக்கிகளை மாறிமாறிச் சிறிது சிறிதாகத் தள்ளி, ஒரே பக்கத்தில் முழு விசையையும் கொடுத்து வைரத்தின் விளிம்பைச் சிதைக்காமல் பார்த்துக்கொள்ளும் பொறுமைதான் வேண்டும். கல் பதிக்கத் தெரிந்த எந்தப் பத்தருக்கும் அந்தப் பொறுமை தொழிலோடு வந்தது. கல் ஆடும் ஒலி கேட்ட உடனே கொண்டு வந்தால் குன்னூரிலோ கோத்தகிரியிலோ சில நிமிடங்களில் முடியும் வேலை. காத்திருந்து கொக்கி முறிந்தபின் கொண்டு வந்தால் அது கோயம்புத்தூர் லேசருக்கு உரியது.